மூன்றாம் பத்தியில் வேறொருவர் பெயர்

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில்
கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
என் மேசையில் ஒன்பது கருணை மனுக்கள்.
ஒன்பதுக்கும் குறிப்பெழுதி
நாடா கட்டி அனுப்பியிருக்கிறார்கள் பிள்ளைகள்.
பிள்ளைகள் என்பது வாய்ப்பழக்கம்.
ஜெஸ்லினுக்கு முப்பத்தாறு வயது,
பூதலிங்கத்துக்கு முன்வழுக்கை,
ஹனீபா போன மாதம் தகப்பனானான்.

என் வேலை எழுதுவதல்ல.
எழுதியதைப் படித்து
ஓரத்தில் பச்சை மையால் சுழித்து
மேலே அனுப்புவது.
மேலே என்றால் சென்னை.
அதற்கும் மேலே ஒருவர் கையெழுத்திடுவார்,
எங்கள் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு.

ஐந்தாவது கட்டு.
சத்தியநேசன், தகப்பன் பெயர் ஞானாபரணம்,
அருமனைக்குப் பக்கம், ரப்பர் பால் வெட்டு.
எல்லைக்கல் தகராறு.
செத்தது அண்ணன் மகன்.
பாளையங்கோட்டையில்
பதினேழு வருடம் மூன்று மாதம்.

குறிப்பு ஒன்றரைப் பக்கம், சுத்தம்.
தேதிகள் சரி. பிரிவுகள் சரி.
மூன்றாம் பத்தியில்
'மேற்படி சூசைமிக்கேல் என்பவர்
தன் செயலுக்கு வருந்தியதாகத் தெரியவில்லை.'

யார் சூசைமிக்கேல்?

நான்காவது கட்டைப் பிரித்தேன்.
அங்கே இருந்தார், குளச்சல்காரர்,
வருந்தாமல்,
அதே வார்த்தைகளில்.
ஆறிலும் ஏழிலும் எட்டிலும்
வருந்தாதவர்கள் வரிசையாக நின்றார்கள்
ஒரு காற்புள்ளிகூட இடம் மாறாமல்.

பூதலிங்கத்தைக் கூப்பிட்டேன்.
"பேரு மட்டும் மாத்த விட்டுப்போச்சு மேடம்.
இப்பம் மாத்தித் தாறேன்."
பேர் மட்டுந்தானா என்று கேட்கவில்லை.
"இந்த வரி எங்கயிருந்து?"
"பழைய ஃபைல்ல உள்ளதாக்கும்.
எல்லாரும் அதத்தான் போடுவோம்.
நல்ல வரி மேடம்."

பழைய ஃபைல் வந்தது,
இரட்டைவால் பூச்சி ஒன்று முன்னே ஓட.
பதினான்கு வருடத்துக்கு முந்தைய தட்டச்சு.
நல்ல வரிதான்.
அதன் கீழே இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்
என்னுடையது.

அன்று மழை.
வடசேரியில் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
அந்த மனுதாரர் பெயர் நினைவில்லை
என்று சொல்லத்தான் ஆசை.
தங்கசுவாமி.
அடுத்த ஐப்பசியில் சிறை ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.
'மனு முடித்துவைக்கப்பட்டது' என்று வந்த தாளை
ஓட்டை போட்டுக் கோர்த்ததும் நான்தான்.

திரும்ப ஐந்தாவது கட்டுக்கு வந்தேன்.
இம்முறை குறிப்பை விட்டுவிட்டு மனுவைப் படித்தேன்.
கடைசியில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று.
பொருளடக்கத்தில் அதன் பெயர்
'இதர காகிதம்.'
செத்தவனின் அம்மா எழுதியிருக்கிறாள்:
'அவர் வெளியே வருவதில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை.
அந்த நிலத்தை நாங்கள் விற்றாச்சு.
எல்லைக்கல் இப்போது வேறு ஆருக்கோ.
வந்தால் குருசடிக்கு அந்தப் பக்கமாக நடக்கச் சொல்லவும்.
முகம் பார்க்க என்னால் ஏலாது.'

இது சம்மதமா, ஆட்சேபமா?
எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
பூதலிங்கம் எதிலும் குறி போடவில்லை.
அவனைத் திட்ட வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.

நன்னடத்தை அலுவலருக்குப் போன் போட்டேன்.
"வருத்தப்படுகிறாரா என்று
யாராவது கேட்டீர்களா?"
"கேட்டேன் மேடம். பதில் இல்லை.
ஆளு பேசுறதே குறைவு.
ஆனா தெனமும் ராத்திரி மூணு மணிக்கு
முழிச்சு உக்காந்திருப்பாராம்.
வார்டர் சொன்னாரு."

மூன்று மணி.
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு
தோட்டத்துக்கு இறங்கும் நேரம்.
பதினேழு வருடமாக மரமில்லாமல்
அந்த நேரத்துக்கு விழிக்கிறார்.
அது வருத்தமா, வெறும் வழக்கமா,
எனக்குத் தெரியாது.
ஒன்பது கட்டையும் திருப்பிக் கொடுத்தேன்.
"ஒம்பதுமா?" என்றான் ஹனீபா.
வெள்ளிக்கிழமை கெடு.
சென்னையிலிருந்து கூப்பிடுவார்கள்,
நன்றாகக் கேட்பேன்.

பூதலிங்கம் பேனாவோடு நின்றான்.
"மூணாம் பத்தியில என்ன எழுத மேடம்?
வருந்துறாருன்னா, இல்லன்னா?"

"ரெண்டும் வேண்டாம்.
மணியை எழுது."